பத்தாவது பயணி

கட்டுநாயக்க எயார்போட்டில, புறப்படுற பக்கத்தில, கையில டெப்லெட்டோட நிண்டு உல்லாசப் பயணிகளைக் கேள்வி கேக்கிறதுதான் என்ர வேலை. எந்த நாடு, எத்தனை இரவு, எதுக்கு வந்தீங்கள், திரும்ப வருவீங்களோ. எல்லாரையும் கேக்கிறேல்லை. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோட போறவையில ஒவ்வொரு பத்தாவது ஆளையும் மறிச்சுக் கதிரையில இருத்த வேணும். எங்களுக்குப் பிடிச்ச முகத்தைப் பொறுக்கக் கூடாதாம்.

"ஊர் சுத்துற சனத்தை எண்ணிச் சம்பளம் எடுக்கிறாய்" எண்டு அம்மா நக்கலடிப்பா. அந்த வாய் அடங்கி, ஆஸ்பத்திரியில நினைவில்லாமல் கிடந்தா. அதைக் கேட்டுத்தான் தம்பி கனடாவில இருந்து ஓடி வந்தவன். கனடாப் பாஸ்போர்ட், ரூரிஸ்ட் விசா, மூண்டு கிழமை லீவு. பகல் முழுக்க வார்ட் வாசல், இரவு வெள்ளவத்தை வீடு. எங்கட லேனால இறங்கினால் கடல். அதைக்கூட அவன் எட்டிப் பாக்கேல்லை.

லீவு முடிஞ்சுது. அம்மா கண் முழிக்கவும் இல்லை, போகவும் இல்லை. இன்னும் ஒரு கிழமை நில்லடா எண்டு சண்டை பிடிச்சன். வேலை போயிடும் எண்டான். எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. அவன் போற நாள் விடிய, முகங்குடுத்துக் கதைக்காமலே ட்யூட்டிக்கு வந்திட்டன்.

பத்து மணி மாதிரி வரிசையில அவனைக் கண்டன். ட்யூட்டி நேரத்தில சொந்தக்காரரோட நிண்டு கதைக்க ஏலாது, சுப்பவைசர் பின்னால நிக்கிறார். நான் தலையைக் குனிஞ்சு எண்ணினன். ஆறு, ஏழு. எட்டாவதா வர வேண்டியவன் சப்பாத்து நாடாவைக் கட்டுற மாதிரிக் குனிஞ்சு, ஒரு வெள்ளைக்காரச் சோடியைப் போக விட்டான். பிறகு நேர என்னட்டை வந்தான். பத்து. வீட்டில நான் வேலையைப் பற்றிப் புலம்பினதெல்லாம் கேட்டு வைச்சிருக்கிறான், கள்ளன்.

இருத்தினன். சுப்பவைசர் பாக்கிறார், கேக்கத்தான் வேணும். எத்தனை இரவு? இருபது. வந்த நோக்கம்? விடுமுறை, வியாபாரம், வழிபாடு, உறவினரைப் பார்த்தல் எண்டு பெட்டிகள். உறவினரைத் தொட்டன். ரசித்த இடம் எது எண்டு வந்துது. அதை நான் வாய் திறந்து கேக்கேல்லை. வெறுமையா விட்டால் அந்தச் சனியன் அடுத்த கேள்விக்குப் போகாது. கடற்கரை எண்டு போட்டன்.

கடைசிக் கேள்வி, திரும்ப வருவீங்களோ. அவன் என்ர முகத்தைப் பாக்கேல்லை.

"அக்கா, அம்மாவுக்கு ஏதும் எண்டால் என்னைப் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. என்னால வர ஏலாது. கொள்ளியை நீங்களே வையுங்கோ."

இதைச் சொல்லத்தான் பத்தாவது ஆளா வந்திருக்கிறான். வீட்டில சொல்ல நான் எங்க விட்டனான்? அந்த இடத்தில கட்டிப் பிடிச்சு அழவும் ஏலாது, கன்னத்தில ஒண்டு போடவும் ஏலாது. சுப்பவைசர் கிட்ட வந்தார். 'ஒரு வருடத்துக்குள்' எண்டதைத் தொட்டு அனுப்பினன். தம்பி எழும்பிப் போனான். நான் திரும்ப ஒண்டில இருந்து எண்ணத் தொடங்கினன்.

அஞ்சாம் நாள் அம்மா போயிட்டா. கனத்தைச் சுடலையில கொள்ளி நான்தான் வைச்சன், அவன் போனில பாத்துக்கொண்டு நிண்டான்.

திரும்ப வேலைக்குப் போன அண்டைக்கு, ஒரு பதிவைத் திருத்தலாமோ எண்டு சுப்பவைசரிட்டைக் கேட்டன். அனுப்பினது அனுப்பினதுதான், ஒண்டும் செய்ய ஏலாது எண்டார். அதில என்ர தம்பி இப்பவும் கடற்கரையை ரசிச்சவன், ஒரு வருசத்துக்குள்ள திரும்பி வாறவன்.