சத்தம் வந்தால் தப்பு

மருந்துக் கிடங்கில் அவளுக்கு டெர்மினல் அக்கா என்றுதான் பெயர். ஆஸ்பத்திரிகள் போனில் மருந்துகளைச் சொல்லும். அவள் ஹெட்போனில் கேட்டுக்கொண்டே, கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும் அந்தப் பழைய டெர்மினல் பெட்டியில் மருந்தின் எண்ணைத் தட்டிவிடுவாள். இல்லாத எண்ணைத் தட்டினால் பெட்டி பீப் என்று கத்தும். கத்தாவிட்டால் பதிவாகிவிட்டது என்று அர்த்தம். பழகிய விரல்கள், திரையைப் பார்க்கவே தேவையில்லை.

தேவையில்லை என்பது பாதி உண்மைதான். அவளுக்குக் கண்ணின் நடுப்பார்வை கெட்டுப்போயிருந்தது. ஓரம் தெரிந்ததால் தடுமாறாமல் நடந்தாள். எதையாவது நேராகப் பார்த்தால் அங்கே ஒரு கறைதான் இருந்தது. டாக்டர் கையை விரித்துவிட்டார். மகளிடம்கூட அவள் மூச்சுவிடவில்லை. வேலை போய்விட்டால் யார் வீட்டு மூலையில் போய் உட்காருவது என்ற பயம்.

அந்தப் பெட்டி ஒருநாள் உயிரை விட்டது. மவுஸை வைத்து அழுத்தும் புதுத் திரைக்கு மாறச் சொன்னார் மேனேஜர். அதில் அழுத்த வேண்டிய இடம் அவளுக்குத் தெரியவே தெரியாது. அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவளுடைய மருமகன். ஒப்பந்த வேலைதான், அதையும் அவள்தான் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக் கொடுத்திருந்தாள்.

"மாப்பிள்ளை, புது கம்ப்யூட்டருக்குள்ளயே பழைய டெர்மினல் மாதிரி ஒண்ணு திறக்குமாமே, தேடிக் குடுங்களேன்."

"இருக்கு அத்தை. பின்னாடி ஓடுற மெஷின் பழசுதானே, ஒரு விண்டோவுல வந்துரும்."

பாவம், தலையைப் பிய்த்துக்கொண்டு தேடினார். ஒரு சாஃப்ட்வேரில் கீபோர்டின் அம்புக்குறியை அழுத்தினால் குப்பை எழுத்து கொட்டியது. இன்னொன்றில் மேல்வரிசைப் பட்டனைத் தொட்டாலே உதவிப் பக்கம் வந்து நின்றது. மூன்றாவது எல்லா விதத்திலும் பொருந்தியது, தப்புக்கு மட்டும் சத்தம் போடவில்லை.

"சத்தத்துக்குப் பதிலா திரை மின்னும் அத்தை. பக்கத்துல இருக்கறவங்களுக்கும் தொல்லையில்ல."

"எனக்குச் சத்தம்தான் வேணும்."

"உங்க மகளுக்குப் பிடிவாதம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு இப்பத்தான் புரியுது" என்று சிரித்துக்கொண்டே, எங்கேயோ நோண்டிச் சத்தத்தை வரவழைத்துக் கொடுத்தார். மேனேஜரிடம் அனுமதி கேட்கவில்லை. அத்தைக்காகச் செய்ததுதானே.

சில வாரங்கள் வண்டி ஓடியது. அப்புறம் ஒரு காலை, "எங்கள் சேவை பற்றி உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டுக்கொண்டு எங்கிருந்தோ ஒரு கருத்துப் பெட்டி வந்து டெர்மினல் விண்டோவின் மேல் உட்கார்ந்தது. கேட்க நேரம் பார்த்தது பார், சனியன்! அவள் தட்டியதெல்லாம் அந்தப் பெட்டிக்குள் கருத்தாக விழுந்தது. ஒரு பீப் இல்லை. இன்றைக்கு ஒரு தப்புகூட வரவில்லையே என்று அவள் மனசுக்குள் தன்னையே மெச்சிக்கொண்டாள்.

மற்ற ஆஸ்பத்திரிகள் கையிருப்பை வைத்துச் சமாளித்தன. அன்றைய மருந்து வண்டியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு இன்சுலின் போகவில்லை. அங்கே காத்திருந்த ஒரு பெண்குழந்தையைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வழியிலேயே போய்விட்டாள்.

எண்களெல்லாம் கருத்துப் பெட்டிக்குள் கிடந்ததைக் கண்டுபிடித்து, மேனேஜர் மருமகனைக் கூப்பிட்டு நிறுத்தினார். அவளும் அந்த அறையில் இருந்தாள்.

"யாரைக் கேட்டு இதைப் போட்டே? உன் சாஃப்ட்வேர் ஒரு உயிரை வாங்கிருச்சு. போலீஸ் வந்தா உன்னைத்தான் கைகாட்டுவேன்."

மருமகன், அத்தை கேட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் சும்மா நின்றால் போதும், தலை தப்பிவிடும். கொஞ்ச நேரம் அப்படித்தான் நின்றாள். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக அவள் தன்னை மன்னிக்கப் போவதில்லை.

"சாஃப்ட்வேர் மேல தப்பில்ல சார். அந்தப் பெட்டி என் மூஞ்சிக்கு நேராத்தான் இருந்திருக்கு. எனக்குத்தான் தெரியல. எனக்குக் கண்ணு போய் ஒரு வருஷம் ஆச்சு."

மேனேஜரின் குரல் இறங்கிப்போனது. "அப்ப இந்த ஒரு வருஷமா நீங்க அனுப்பின மருந்தெல்லாம்?"

"எண் தப்பா இருந்தா கத்தும் சார்."

"எண் சரியா இருந்து, வேற மருந்தோட எண்ணா இருந்தா?"

அதை அவள் நினைக்காமலே காலம் தள்ளியிருந்தாள்.

"கத்தாது" என்றாள்.

 மருமகன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த ஒரு வருஷத்துப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்தார்.