பாடைச் சுழிக் காளையைத் தேடிச் செந்துறைக்கு

2004ஆம் வருடம், பொங்கல் கழிந்த வாரம். விடிகாலை ஐந்து மணிக்கு வெள்ளகோவிலில் பஸ் ஏறினேன். வழியனுப்ப வந்த என் வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு ஒரே பேச்சைத் திருப்பித் திருப்பிச் சொன்னார்.

"சுழி சுத்தமா இருந்தா மட்டும் புடிச்சுட்டு வா. இல்லீன்னா வெறுங்கையோட வந்துரு."

பஸ் நகர்ந்த பிறகும் தன் முதுகைத் தொட்டு விரலால் வட்டம் போட்டுக் காட்டினார். பக்கத்து சீட்டு அம்மாள், "அவருக்கு முதுகுவலிங்களா?" என்றார். "இல்லீங்க, மூட்டுவலி" என்றேன். அதுவும் உண்மைதான். ஆறு மணி நேரம் பஸ்ஸில் காலை மடக்கி உட்கார முடியாது என்பதால்தான் காளை வாங்க என்னை அனுப்பினார். இல்லாவிட்டால் விடுகிற ஆளா அவர்!

கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கட்டுத்தரையில் பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரே காளைக்கு, இரண்டு பசுக்களிடம், இரண்டு காளைக் கன்றுகள் பிறந்தன. இரண்டும் மயிலை நிறம், சாம்பல் பூத்த வெள்ளை. ஒன்றுக்கு முதுகில் நீளவாட்டில் இரண்டு மயிர்ச்சுழி. அதைப் பாடைச் சுழி என்பார்கள்; அந்த மாடு நிற்கிற வீட்டில் பாடை கட்ட வேண்டி வருமாம். இரண்டு வயது தாண்டி இரண்டு பல் போட்டதும் அதைச் சந்தையில் தள்ளிவிட்டார் என் வீட்டுக்காரர். சுழி சுத்தமான மற்றதை, மயிலன் என்று பேரிட்டு, வைத்துக்கொண்டார்.

மயிலன் மூன்று கண்காட்சியில் கோப்பை வாங்கினான். சும்மாவா வாங்கினான்? பருத்திக்கொட்டை, பிண்ணாக்கு, கஞ்சி என்று ஊட்டி ஊட்டி வளர்த்தோம். நிறம் மங்கிவிடுமென்று வெயிலில் விடமாட்டோம். சிமெண்டுத் தரை, தினம் இரண்டு குளியல். பசுக்களெல்லாம் அவனைத் தேடித்தான் வரவேண்டும். எட்டாவது வயதில் ஒரு காலை எழுந்திருக்கப் பார்த்தான், பின்னங்கால் கேட்கவில்லை. நான்கு தரம் முயன்றுவிட்டு என்னைப் பார்த்தான். பதினொரு நாள் புரட்டிப் புரட்டிப் படுக்க வைத்தேன். குழியை என் வீட்டுக்காரரே வெட்டினார், வேறு யாரையும் மண்வெட்டியைத் தொட விடவில்லை. அந்தக் கோப்பைகளை நான் இன்றுவரை துடைப்பதில்லை.

அதோடு எங்கள் வம்சக் காளை போயிற்று என்றுதான் இருந்தோம். போன மாதம் ஒரு மாட்டு வியாபாரி, நாங்கள் விற்ற அந்தப் பாடைச் சுழிக்காரன் செந்துறைப் பக்கம் இன்னும் பசுக்களோடு இணை சேர்ந்துகொண்டிருக்கிறான், விலைக்குக் கொடுக்கிற வயதில் இரண்டு மகன்களும் இருக்கிறார்கள் என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

கரூர், திருச்சி என்று பஸ் மாறிப் பெரம்பலூரில் இறங்கியபோது மணி பத்தரை. வியாபாரி சொல்லி வைத்திருந்த பஷீர் பாய் மினி லாரியோடு நின்றிருந்தார். லப்பைக்குடிக்காட்டுக்காரர். ஒன்பது வருடம் சவுதியில் வண்டி ஓட்டிவிட்டு வந்தவர். திரும்பி வெள்ளகோவில் வரைக்கும் வாடகை இரண்டாயிரத்து இருநூறு என்று பேசிக்கொண்டோம்.

"காளைன்னா பயமில்லீங்களே பாய்?"

"அங்க ஒட்டகம் ஏத்துன ஆளும்மா நானு. அது துப்பும். காளை துப்பாதுல்ல?"

அரியலூர் முப்பது கிலோமீட்டர். எதிரே வந்த சுண்ணாம்புக்கல் லாரிகளின் தூசியில் புளியமரங்களெல்லாம் மாவு பூசி நின்றன. அரியலூர் தாண்டியதும் மண் சிவந்தது. செந்துறைக்கு இன்னொரு இருபது கிலோமீட்டர். அப்புறம் முந்திரிக் காட்டு வழியாக மண்ரோடு.

பன்னிரண்டரைக்கு, காளையை வைத்திருக்கிற தங்கராசு வீட்டு வாசலில் இறங்கினோம். அவர் இல்லை. அவர் சம்சாரம் செல்வி வந்தார்.

"வாங்கக்கா. காளையும் இல்ல, அவுகளும் இல்ல. ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருக்காக."

"பன்னெண்டு வயசுல அதுக்கென்னங்க வேலை?"

"மூணு மைலுக்கு அந்தாண்ட ஒரு பசு பருவத்துக்கு வந்துருக்காம். அதான் நடத்தி ஓட்டிக்கிட்டுப் போயிருக்காக."

எனக்குத் தலை சுற்றியது. எங்கள் பக்கம் பூச்சிக்காளை என்கிற பொலிகாளை இருக்கிற இடத்துக்குத்தான் பசு வரும். காளை பசுவைத் தேடி நடக்குமா? கேட்டேன்.

"மொதல்ல இங்கதான் ஓட்டியாந்தாங்க. பசுவோட நாலு பேரு வருவான். எல்லாருக்கும் காபி. அப்புறம் சோறு. ஒரு நாளைக்கு எத்தன பேருக்கு நான் ஒல வைக்கிறது? காளைக்குத்தான் காலு இருக்குல்ல, நீங்களே ஓட்டிக்கிட்டுப் போங்கன்னுட்டேன்."

பஷீர் பாய் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன், பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் நான் வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன்.

உட்கார்ந்திருக்க முடியவில்லை. நடந்தே எதிரே போனேன். முந்திரி மரங்களுக்கு நடுவே சிவப்புத் தூசியில் அவன் வந்துகொண்டிருந்தான். திமில் சற்றே சாய்ந்திருந்தது, முகமெல்லாம் நரை, விலா எலும்பு தெரிந்தது. எந்தக் கண்காட்சியிலும் அவனைக் கயிற்றுக்கு உள்ளேகூட விடமாட்டார்கள். ஆனால் என்ன நடை! தங்கராசு கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வர, அவன் பாட்டுக்குப் பின்னால் வந்தான். முதுகில் அதே இரண்டு சுழி. தொட்டேன். கண் கலங்கிவிட்டது.

"வெள்ளகோயில்காரவுங்களா? வாங்க தங்கச்சி" என்றார் தங்கராசு.

"பாடைச் சுழின்னு தெரிஞ்சேதான் வாங்குனீங்களாண்ணா?"

"அதனாலதானே அந்த வெலைக்குக் குடுத்தாங்க! எங்க ஆயி மட்டும் போய்ச் சேந்துச்சு. அதுக்கு தொண்ணூத்திரெண்டு வயசு. அந்தப் பழிய இவன் மேல போட்டா பாவங்க."

திரும்பி நடக்கும்போது தரையையே பார்த்துக்கொண்டு வந்தேன். முன்குளம்பு பதிந்த தடத்தின் மேலேயே பின்குளம்பு வந்து விழுந்தது. ஒவ்வொரு அடியும் அப்படியே; பின்னங்கால் பழுதில்லாத மாட்டுக்குத்தான் அப்படி விழும். மயிலனின் தடம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. சிமெண்டில் ஏது தடம்?

வீடு சேர்ந்ததும் தொட்டித் தண்ணீரை உறிஞ்சிவிட்டு வேப்பமரத்தடியில் படுத்தான். செல்வி இலை போட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை, கண்ணெல்லாம் மரத்தடியில்தான். மூன்று மைல் போய் மூன்று மைல் வந்திருக்கிறான். எழுந்திருப்பானா? அரை மணி நேரம் கழித்து ஈயை விரட்டத் தலையை ஆட்டினான். பின்பக்கத்தைத் தூக்கினான். ஒரே மூச்சில் நின்றான்! நான் எச்சில் கையோடு அழுதேன். "ஏங்க்கா, காரமா?" என்று பதறினார் செல்வி.

அப்புறம் மகன்களைப் பார்த்தோம். இரண்டும் இரண்டு பல். ஒருவன் சுழி சுத்தம், நிற்கிற அழகு மயிலனேதான். இன்னொருவன் சற்றுக் குள்ளம். முதுகில் அப்பனைப் போலவே இரண்டு சுழி. பத்து வருடம் கண்காட்சிக்குப் போன கண் அழகனை விட்டு நகரவே இல்லை. வீட்டுக்காரர் ஜன்னலில் போட்டுக் காட்டிய வட்டம் வேறு ஞாபகத்துக்கு வந்தது.

"அண்ணா, ரெண்டையும் கொஞ்சம் நடத்திக் காட்டுங்க."

தொட்டியிலிருந்து சிந்திய தண்ணீரில் வாசல் மண் ஈரமாக இருந்தது. அழகனின் பின்குளம்பு முன்தடத்தை எட்டாமல் நாலு விரல் பின்னாலேயே விழுந்தது. வலது கால் வெளியே ஒதுங்கியது. குள்ளனுடையது தடத்தின் மேல் தடம். குனிந்து விரலால் தொட்டே பார்த்தேன்.

"இவனை ஏத்துங்க பாய்" என்றேன்.

"மாஷா அல்லாஹ்" என்று பலகையை இறக்கினார் அவர். வண்டி கிளம்பும்போது கிழவன் கயிறு போகிற மட்டும் வந்து நின்று பார்த்தான். போய் வருகிறேன் என்று அவனிடம்தான் சொன்னேன்.

மறுநாள் காலை எங்கள் கட்டுத்தரையில் வீட்டுக்காரர் முதல் வேலையாகக் காளையின் முதுகைத் தடவினார். கை பாதியில் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பாடைச் சுழிதானுங்க. அவன் அப்பங்காரன் முதுகுலயும் இதுதான் இருந்துச்சு. ஆறு மைல் நடந்துட்டு வந்து படுத்தான். தானா எந்திரிச்சானுங்க, நான் பார்த்தேன்."

அவர் கையை எடுத்துக்கொண்டார். வெறும் சிமெண்டுத் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காலைத் தாங்கித் தாங்கி உள்ளே போனார். போச்சு, இன்னும் ஒரு வாரத்துக்குப் பேச்சிருக்காது என்று நினைத்தேன்.

திரும்பி வந்தவர் காலில் செருப்பு இருந்தது. முளைக்குச்சியிலிருந்து கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இவனை எத்தனை தூரம் நடத்தோணும்?" என்று கேட்டார்.