இரண்டாவது மானிட்டர்

பழவேற்காட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். கடற்கரையை அளக்க வந்திருந்த ஓர் அதிகாரி, தன் லேப்டாப்போடு இரண்டு மானிட்டர்களை இணைத்துத் தரச்சொல்லி என்னை அழைத்தார். ஒல்லியான மனிதர். பேசுவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார்.

கேபிள்களைச் செருகியதும் இரண்டிலும் ஒரே வரைபடம் வந்தது. ஏரி, முகத்துவாரம், கடலோரத்தில் எங்கள் குப்பம். இரண்டிலும் தனித்தனியாகத் தெரியும்படி செட்டிங்கை மாற்றினேன். இரண்டாவது மானிட்டரில் வேறொரு வரைபடம் வந்தது. அதே கடற்கரைதான். குப்பம் இருந்த இடத்தில் அகலமான சாலையும் நீளமான கட்டடங்களும் இருந்தன.

“இன்னா சார், எங்க ஊரையே காணோம்?”

அவர் கண்ணாடியைத் துடைத்தார். “அங்க உங்களுக்குச் சொந்த வீடாம்மா?”

“ஆமா சார், எங்க நைனா கட்னது. எதுக்குக் கேக்குறீங்க?”

அவர் எட்டிக் கேபிளைப் பிடுங்கினார். திரை இருண்டது. “ஒரு மானிட்டரே போதும்மா,” என்றார்.

அன்று சாயங்காலம் நான் வீடு திரும்பியபோது, எங்கள் கொல்லைப்புற மணலில் யாரோ மஞ்சள் எல்லைக்கல் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நைனா அதைக் காலால் அசைத்துப் பார்த்தார். அசையவில்லை.

அந்த அதிகாரியை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அந்தப் படம் தவறிப்போய் என் கண்ணில் பட்டதா, இல்லை நான் பார்க்கட்டும் என்றுதான் என்னைக் கூப்பிட்டாரா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.