கூரை கேட்டேன், ஆத்தா வந்தாள்

மாரியம்மன் சன்னதிக்கு வந்திருக்கிற சனங்களே, கூரைக்கு அடியில் படுத்துக்கொண்டே மழையில் நனைந்தவன் பேசுகிறேன். என் வாயில் பொய் வராது. வந்தால் ஆத்தா கேட்கட்டும்.

பேராக்கில் பெரிய வெள்ளம் வந்து வடிந்த மறு வருடம், 1927. லகாட் என்ற ஊரில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தேன். பெண்சாதி முனியம்மா, ஒரே மகள் அஞ்சலை. பிள்ளைக்கு அப்போது ஐந்து வயது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்ட வந்த கூலி நான். பள்ளிக்கூடத்து வாசலைக்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவன் சொந்தமாக மாட்டு வண்டி வாங்கி, ஈயச் சுரங்கங்களுக்கு விறகு ஏற்றினேன். லகாட்டில் வண்டி வைத்திருக்கிற தமிழன் யார் என்று கேட்டால் என்னைத்தான் கை காட்டுவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

வீட்டுக்காரர் கருப்பையா கங்காணி. என்னைக் கப்பல் ஏற்றிக் கூட்டி வந்த அதே கங்காணிதான். ஆள் பிடித்துச் சம்பாதித்ததில் அந்த வரிசையைக் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். வெள்ளத்துக்குப் பிறகு அத்தாப்பு ஓலைக் கூரை மக்கிப் போனது. மழை வந்தால் பிள்ளையை எந்த மூலையில் கிடத்துவது என்று முனியம்மா வீடெல்லாம் சுற்றுவாள். கூரையை மாற்றுங்கள் என்று பலமுறை கேட்டேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. கூரை ஏறும்வரை வாடகை கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

கங்காணி தனக்கு வாடகை பிரிக்கும் தண்டலையும் ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

“என்னடா, வண்டி வாங்கிட்டா வாடகை தர மாட்டியா?”

“கூரை போடுங்க. அன்னைக்கே தாரேன்.”

“ஒழுகுதா?”

“ஒழுகுது.”

“அப்ப ஒழுகாம பண்ணிருவோம்லா.” தண்டலைத் திரும்பிப் பார்த்தார். “டேய், கூரையப் பிரி. கூரைன்னு ஒண்ணு இருந்தாத்தானே ஒழுகும்!”

பிரித்தார்கள். என் கண் முன்னாலேயே அத்தாப்பைப் பிடுங்கிப் போட்டார்கள். வரிசைச் சனம் சிரித்தது. அவர்கள் வீடும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. இருந்தும் சிரித்தார்கள். “வண்டிக்காரர் வீட்டுல இனிமே நெலாச் சோறு” என்று ஒருத்தன் கத்தினான்.

“வெள்ளிக்கிழமை வாரேன்,” என்றார் கங்காணி. “காலி பண்ணலேன்னா சட்டி பானை ரோட்டுல கெடக்கும்.”

முனியம்மா அழுதாள். “குடுத்துட்டு வேற எடம் போலாங்க. பிள்ள நனையுது.” கையில் பணம் இருந்தது. நான் கொடுக்கவில்லை. யாருக்கும் தலை குனிந்து பழக்கமில்லாதவன் நான். ஆனால் வீட்டுக்குள் நின்று அண்ணாந்தால் வானம். நெஞ்சு உடைந்துவிட்டது. நேராகக் கோயிலுக்குப் போய் ஈர வேட்டியோடு மண்ணில் விழுந்தேன்.

“ஆத்தா, இந்த வீட்டை விட்டு என்னை எவனும் கிளப்பக்கூடாது. கங்காணி கையாலேயே கூரை ஏற வேண்டும். நான் சும்மா வாங்குகிறவன் இல்லை. உனக்கு என்ன வேண்டுமோ எடுத்துக்கொள்.”

இதுதான் நான் வேண்டியது. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

மறுநாளே அஞ்சலைக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. அப்புறம் முகமெல்லாம் முத்து. முனியம்மா நிலையில் வேப்பிலை கட்டினாள். ஆத்தா இறங்கிய வீட்டில் என்ன முறை என்று உங்களுக்கே தெரியும். தாளிக்கக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது, வெளி ஆள் வாசல் தாண்டக்கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அந்த வீடு அவளுடைய வீடு.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். முன்னால் வந்த தண்டல் வேப்பிலையைப் பார்த்தான். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தான்.

“கங்காணி, ஆத்தா வந்திருக்கா.”

“நடிக்கிறாண்டா. பிடுங்கி எறி அத.”

“என்னால ஆகாது. வேணும்னா நீங்க பிடுங்குங்க.”

கங்காணி கையை நீட்டினார். அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. உள்ளே பிள்ளை ஈனக் குரலில் முனகியது. அன்றைக்குச் சிரித்த வரிசைப் பெண்கள் இன்றைக்கு மார்பில் அடித்துக்கொண்டார்கள். “ஐயோ, ஆத்தா நனையுறாளே! கூரையப் பிரிச்சவன் குடும்பம் வெளங்குமா?” என்று அடுத்த வீட்டு அஞ்சம்மா அலறினாள். கங்காணி வீட்டில் மூன்று பேரப்பிள்ளைகள். நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு செருப்பைக் கழற்றினார். சேற்றில் வெறுங்காலோடு நின்று கும்பிட்டார்.

பொழுது சாய்வதற்குள் புது அத்தாப்பு வந்தது. ஆணி இல்லாமல் பிரம்பால் கட்டினார்கள். கங்காணி தன் கையாலேயே ஏணியில் நின்று எடுத்துக் கொடுத்தார். நான் கீழே நின்று, “அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியுது கங்காணி, இன்னொரு வரிசை போடுங்க” என்றேன். போட்டார். அந்தச் சுகத்தை நான் எந்தச் சாப்பாட்டிலும் கண்டதில்லை.

கூரை ஏறியது. அன்றைக்கே வாடகையையும் கொடுத்துவிட்டேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். பிள்ளை பிழைத்தாள். கண் இரண்டும் போயிருந்தன.

முனியம்மா என்னைத் திட்டவில்லை. “நீங்க கூரை கேட்டீங்க, ஆத்தா குடுத்தா. எதை எடுக்கக்கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?” என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் கோயில் படி ஏறவில்லை. அவள் பங்குக்கும் சேர்த்து நான் கும்பிடுகிறேன்.

அன்றோடு கள்ளை விட்டேன். வருடம் தவறாமல் தீச்சட்டி எடுக்கிறேன். லகாட்டிலேயே சொந்த நிலம் வாங்கி, தகரம் போட்டு வீடு கட்டினேன். இனி என்னைக் கிளப்ப ஒருவனும் இல்லை. எல்லாம் அவள் கொடுத்தது.

சனங்களே, உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். கங்காணிமார் எங்கும் இருக்கிறார்கள். அன்றைக்கு அவளிடம் போங்கள். கேட்டது கிடைக்கும், சத்தியம். ஆனால் வாய் திறந்து முழுதாகக் கேளுங்கள். என்ன வேண்டும் என்பதோடு எதை விட்டுவைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். நாம் சொன்னதைச் சொன்னபடி கேட்கிறவள் அவள்.

இப்போதும் தகரத்தில் மழை விழுந்தால் அஞ்சலை தூக்கம் கலைந்து, கையை விரித்து மேலே நீட்டுவாள்.

“அப்பா, ஒழுகுதா?”

“இல்ல தாயி. ஒரு சொட்டுகூட இல்ல.”