உலோகம் கூடாது என்ற விதி

செவிலியர் பள்ளியின் நுழைவுத் தேர்வுக்கு நான் இரண்டு முறை போனேன். முதல் முறை வாசலோடு முடிந்துவிட்டது. இரண்டாம் முறையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் முதல் முறையைச் சொல்லாவிட்டால் இதன் சுவை விளங்காது.

அறந்தாங்கிக்குப் பக்கத்துச் சிற்றூரில் வாழ்க்கைப்பட்டவள் நான். கணவருக்கு வளைகுடாவில் வேலை. வீட்டில் மாமனார், மாமியார், பள்ளிக்குப் போகும் மகள், நான். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்து நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். திருமணத்துக்குப் பிறகு கிளை நூலகத்துப் புத்தகங்களே எனக்குக் கல்லூரியாயின. மகளுக்குக் காய்ச்சல் முற்றி அரசு மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது, நீர் வற்றிச் சுருங்கிய அந்தச் சின்னக் கையில் ஒரு செவிலி நரம்பைத் தேடினார். விரல் நுனியால் தொட்டுத் தொட்டு, குழந்தையிடம் பூனைக்கதை பேசிக்கொண்டே, சிறிதும் பதறாமல். அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு இந்த ஆசை வந்தது. விசாரித்ததில், திருச்சியில் ஒரு மருத்துவமனையின் பள்ளி திருமணமானவர்களையும் சேர்த்துக்கொள்ளும் என்று தெரிந்தது. வயது வரம்பு மட்டும் என்னை நெருக்கியது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் எழுதலாம். அதன் பிறகு கதவு அடைபட்டுவிடும்.

முதல் ஆண்டு தனியாகப் போனேன். உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி. வளையல்களை வீட்டிலேயே கழற்றி வைத்திருந்தேன்; அதோடு விதி நிறைவேறிவிட்டதாக நம்பினேன். வாசலில் சோதனைக் கருவியோடு நின்ற பெண் காவலர் என் தாலிக்கொடியை வெளியே எடுக்கச் சொன்னார். கொடியில் தாலி மட்டுமா இருந்தது? அவசரத்துக்கு உதவும் என்று நம் பெண்கள் எல்லாரும் கோத்துவைப்பதைப்போல நானும் ஒரு கொத்து ஊக்குகள் கோத்திருந்தேன்.

“என்னம்மா, கடையே வச்சிருக்கீங்க?” என்றார் அவர். பின்னால் நின்ற சிறுபெண்கள் சிரித்தார்கள்.

ஊக்குகளைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டேன். மெட்டியை இழுத்ததில் கால்விரல் கன்றிப் போயிற்று. மூக்குத்தியின் திருகாணி வெகுநேரம் மல்லுக்கட்டியது. எல்லாம் கழன்ற பிறகும் கருவி கீச்சிட்டது.

“தாலியையும் கழட்டிக் கூட வந்தவங்ககிட்ட குடுத்துட்டு வாங்கம்மா.”

கூட யாரும் வரவில்லை. கழற்றலாமா என்ற தயக்கம் ஒரு பக்கம். கழற்றினால் யார் கையில் கொடுப்பது என்ற திகைப்பு இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் நான் நின்றுகொண்டிருக்கும்போதே மணி அடித்தது. வெளிக்கதவைச் சாத்திவிட்டார்கள்.

வெயில் தாழும் முன்பே வீடு வந்து சேர்ந்தேன். “என்னத்தா, அதுக்குள்ள எழுதிட்டியா? பதிலையெல்லாம் பஸ்லயே ஒப்பிச்சுட்டியோ?” என்றார் மாமியார். நடந்ததைச் சொன்னேன். “தாலியக் கழட்டச் சொன்னாளுகளா?” என்று கேட்டவர், மேற்கொண்டு ஒரு சொல்லும் பேசாமல் ஆடுகளைக் கட்டப் போய்விட்டார். அந்த மௌனத்தை நான் தீர்ப்பு என்றே எடுத்துக்கொண்டேன். ஆனாலும் புத்தகத்தை மூடவில்லை.

அந்த ஆண்டு நானும் மாமியாரும் நூறு நாள் வேலையில் கண்மாய் தூர்வாரப் போனோம். உட்கார்ந்து படிக்க நேரமில்லாததால், பாடங்களை என் குரலிலேயே செல்போனில் பதிவுசெய்துகொண்டு, காதில் மாட்டியபடி மண் சுமந்தேன். கூட வேலை செய்த ஒரு பெண் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள்:

“காலையிலேர்ந்து புருசன்காரன் அப்புடி என்னதான் பேசுறான்? எங்களுக்கும் கொஞ்சம் சொல்லேன்.”

காதுக்கருவியைப் பிடுங்கிவிட்டுச் சத்தமாக வைத்தேன். ‘சிறுநீரகத்தின் செயல் அலகு நெஃப்ரான் எனப்படும்’ என்றது என் குரல்.

“அடி ஆத்தாடி! வெளிநாட்டுல இருக்கவன்கிட்ட பேசுற பேச்சா இது?”

கண்மாயே சிரித்தது. அன்றிலிருந்து பாடம் ஊருக்கே ஒலிபரப்பாயிற்று. சில நாள்களில் மாமியாரே கூடையை இறக்கி வைத்துவிட்டு, தொலைக்காட்சித் தொடரைக் கேட்பதுபோல, “நேத்து அந்தக் கிட்னி பாதியில நின்னுபோச்சே, அதப் போடு” என்று கேட்கத் தொடங்கினார். கேட்டுவிட்டு, “இம்புட்டுச் சாமான உள்ள வச்சுக்கிட்டா மனுசன் இந்த ஆட்டம் ஆடுறான்?” என்பார்.

அவ்வளவு இணக்கம் வந்த பிறகும் தாலியைப் பற்றி வாய் திறக்க எனக்குத் துணிவில்லை. உடலுறுப்புகள் எல்லாம் மனப்பாடமாயின. இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. கடைசித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

தேர்வுக்கு முந்தின நாள் முற்பகலில் மாமியார் கடைத்தெருவிலிருந்து ஒரு பொட்டலத்தோடு வந்தார்.

“வா, கெழக்கப் பாத்து ஒக்காரு.”

“எதுக்கு அத்தை?”

பொட்டலத்தைப் பிரித்தார். புது மஞ்சள் கயிறு. அதில் கட்ட ஒரு துண்டு விரலி மஞ்சள்.

“தாலிய அடகு வச்சு வெதை வாங்குன வருசமெல்லாம் மஞ்சத்துண்டோடதான திரிஞ்சேன்? அடகுக் கடைக்காகக் கட்டலாம், பரீச்சைக்காகக் கட்டக் கூடாதோ? ஒம் மாமனாருக்கு என்ன கொறஞ்சுபோச்சு? அந்தா பாரு, கல்லு மாதிரி நிக்கிறாரு.”

வாசலில் ஆடுகளுக்குத் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்த மாமனார், “ஒங்க பஞ்சாயத்துல என்னைய எதுக்குடி இழுக்குற?” என்றார்.

புதுக் கயிறு என் கழுத்தில் ஏறிய பின்புதான் பழைய கொடியை இறக்கினார். அதைக் கண்ணில் ஒற்றித் தம் சுருக்குப் பையில் போட்டு, பையை இடுப்பில் செருகிக்கொண்டார். “மெட்டியையும் மூக்குத்தியையும் கழட்டிட்டு, மூக்குல வேப்பங்குச்சி சொருகிக்க. இல்லாட்டி ஓட்டை தூந்துபோகும்.” எழுந்து போகும்போது, எனக்குச் சொல்வதுபோல் இல்லாமல், “நாளைக்கி நானும் வாரேன்” என்றார். ஓராண்டாக நான் தீர்ப்பென்று நினைத்திருந்த மௌனம், அவர் யோசித்துக்கொண்டிருந்த மௌனமாக இருந்திருக்கிறது.

மறுநாள் திருச்சி வாசலில் கருவி என் தலை முதல் கால் வரை ஊர்ந்து இறங்கியது. ஒரு சத்தமும் இல்லை. காவலர் என் மூக்கையே உற்றுப் பார்த்தார்.

“இது என்னம்மா?”

“வேப்பங்குச்சி.”

“சரியான ஆளுதான். போங்க, போங்க.”

பின்னாலிருந்து மாமியாரின் குரல் அத்தனை பெற்றோரின் தலைகளையும் தாண்டி வந்தது: “அங்கிட்டு இங்கிட்டுப் பாக்காம எழுது!” நான் நிமிர்ந்து நடந்தேன். உள்ளே, வினாத்தாளைப் படிக்கப் படிக்க விடைகள் என் குரலிலேயே எனக்குக் கேட்டன; அவற்றின் அடியில் மண்வெட்டிகளின் ஓசையும் கேட்டது. எழுதி முடித்து நிமிர்ந்தபோது நேரம் மீதமிருந்தது.

முடிவு வந்த அன்றும் கண்மாயில்தான் இருந்தோம். உள்ளே சிக்னல் கிடைக்காது. தலையில் மண்கூடையோடு கரையேறிச் செல்போனைத் திறந்தேன். தேர்ச்சிப் பட்டியலின் முதல் பக்கத்திலேயே என் எண் இருந்தது. இரண்டு முறை சரிபார்த்தேன். வீட்டில் உரக்கப் பேசாத மருமகள் என்று பெயரெடுத்த நான், அந்தக் கரையின் உச்சியில் நின்று கண்மாய் முழுவதற்கும் கேட்கக் கத்தினேன்:

“அத்தை! பாஸு!”

கீழே மண்வெட்டிகள் நின்றன. யாரோ ஒருத்தி குலவையிட்டாள், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மாமியார் தலைத்துண்டை உதறிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

“மொதல்ல அந்தக் கூடையக் கீழ போடு! பாத்து எறங்கி வா. காலு கையி ஒடிஞ்சா ஒனக்கு யாருடி ஊசி போடுறது?”

கூடையை அங்கேயே கவிழ்த்துவிட்டு இறங்கினேன். அன்று மாலை வரை ஒருத்தியும் என்னை மண் அள்ள விடவில்லை.