ஏரிக்கரையிலிருந்து ஒரு மிஸ்டு கால்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நானும் அக்கா வீட்டுக்காரரும் மலைச் சைக்கிள் ஓட்டுவோம். மலை எங்கே என்று கேட்காதீர்கள். நெமிலிச்சேரியைச் சுற்றி இருக்கிற ஒரே மேடு ஏரிக்கரைதான். கியர் வைத்த, பட்டை டயர் சைக்கிளாக ஆளுக்கொன்று வாங்கி ஒரு சுற்று வைத்துக்கொண்டோம். வீட்டிலிருந்து திருநின்றவூர், அங்கிருந்து கிராமத்துச் சாலைகளில் நேமம் ஏரிக்கரை, கரை முடிந்ததும் திருமழிசை, பிறகு வெளிவட்டச் சாலை வழியாக வீடு. தொடை வலிக்கும், ஆனால் திங்கட்கிழமை வேலைக்குப் போய்விடலாம்.

மாமா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டினார். ஒழுங்காக மிதித்து என்னை ஜெயிக்க அவரால் முடியாது, அதனால் ஏமாற்றுவார். கரைமேல் நான் முன்னால் போனதும், பழைய கல் மதகுக்குப் பக்கத்தில் மாடு இறங்கும் தடத்தில் சைக்கிளை இறக்கி, மனைக்கல் நட்ட வயல்களுக்குக் குறுக்கே புகுந்து, திருமழிசைக் கோயில் அருகே இருக்கும் டீக்கடையில் எனக்கு முன்பே போய் உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால். வந்துட்டேன், நீ மெதுவா வா என்று அர்த்தம். அடுத்தது அக்காவுக்கு. சட்னி அரைக்கலாம் என்று அர்த்தம். அந்த அழைப்புகளை நாங்கள் எடுத்ததே இல்லை. எடுத்தால் கோபித்துக்கொள்வார். "எதுக்கு எடுக்கிற? காசு போவுதில்ல?" என்பார். பேசக் காசு போன காலமெல்லாம் மலையேறிவிட்டது, அவருக்கு மட்டும் போகவில்லை.

திருநின்றவூரில் இதயநோய்க்காரர்கள் எங்கிருந்தெல்லாமோ தேடி வரும் சிவன் கோயில் இருக்கிறது. ஓர் அடியார் மனத்துக்குள்ளேயே கட்டிய கோயில் என்று கதை. மாமா வாசலில் பிரேக் பிடித்து, ஷூவைக்கூடக் கழற்றாமல், சீட்டில் உட்கார்ந்தபடியே நெஞ்சைத் தொட்டு, "அடுத்த ஞாயிறு வர்றேன், அதுவரைக்கும் பாத்துக்கோ" என்பார். வாரா வாரம் இதே வசனம். இப்போது அந்தத் தெருவுக்குள் நான் போவதில்லை. அந்தச் சாமிமேல் எனக்குக் கோபம்தான், மறைத்து என்ன ஆகப்போகிறது.

போன வருடம் தை மாதத்தில் ஒரு ஞாயிறு. கரையில் பாதி தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். ஆளைக் காணோம். சரி, இறங்கிவிட்டார், இன்றைக்காவது தோற்கடிக்க வேண்டும் என்று எழுந்து நின்று மிதித்தேன். பாக்கெட்டில் போன் அடித்தது. அதற்குள் போய்விட்டாரா என்று எரிச்சலாக வந்தது. மறுபடியும் அடித்தது. ஒரு தடவை பீற்றிக்கொண்டது போதாதா என்று சிரித்தேன். எத்தனை ரிங் போனது என்று நான் எண்ணவில்லை. நின்றுவிட்டது, அவ்வளவுதான் தெரியும்.

டீக்கடையில் அவர் இல்லை. "இன்னா சார், தனியா வர்ற? பெரியவரு வர்லியா?" என்று மாஸ்டர் கேட்டார். அப்படியானால் எங்கிருந்து கூப்பிட்டார்? திருப்பி அடித்தேன். ஒரு பெண்குரல் எடுத்தது. "நைனா, ஆடு ஓட்டிகினு வந்தேன். இந்த போன்காரரு மதகாண்ட கவுந்து கெடக்குறாரு. நீ இன்னா ஓணும் இவருக்கு?"

அவருடைய குறுக்குவழியிலேயே திரும்பிப் போனேன். ஐந்தே நிமிடம். அது எவ்வளவு குறுக்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பூந்தமல்லி ஆஸ்பத்திரியில், கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

போன் வந்ததா என்று அக்கா பதினாறாம் நாள் கேட்டாள். "கரைமேல ஒரே காத்துக்கா, சத்தம் கேக்கல" என்றேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. ஒரு வருடம் அந்தப் பொய்யோடு அவள் கையால் சாப்பிட்டேன். அவள் பரிமாற வந்தாலே குனிந்துகொள்வேன். சைக்கிள் இரண்டும் மாடிப்படிக்குக் கீழே கிடந்தன. யார் போன் செய்தாலும் முதல் ரிங்கில் எடுத்தேன். லோன் வேணுமா சார் என்பவனிடம்கூட, எங்கேயாவது விழுந்து கிடக்கிறானோ என்று பதறிக்கொண்டுதான் பேசினேன்.

வருடத் திதி முடிந்த மறுநாள், அந்த இடத்தைக் காட்டு என்றாள் அக்கா. ஸ்கூட்டரைக் கரைக்குக் கீழே நிறுத்திவிட்டு நடந்தோம். மதகுக் கல்லின்மேல் உட்கார்ந்தாள். ஏரியில் தண்ணீர் நிறைய இருந்தது. தூரத்தில் திருமழிசைக் கோபுரம் தெரிந்தது. அன்றைக்கு மாமா அங்கே இருக்கிறார் என்று நினைத்துத்தான் நான் மிதித்துப் போனேன். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை.

"போன் அடிச்சது கேட்டுச்சுக்கா. நான்தான் எடுக்கல. டீக்கடைலேந்து அடிக்கிறாருன்னு நெனச்சேன்."

"தெரியும். அவரு போன் எங்கிட்டதானே கீது. உனுக்கு ரெண்டு தபா அடிச்சிருக்காரு."

அவள் திட்டட்டும் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே ஏரியைப் பார்த்தாள்.

"அப்பாலிக்கா எனுக்கு அடிச்சாரு. இன்னா, இன்னிக்கு இவ்ளோ சீக்கிரம்னு நெனச்சுகினே தேங்காய ஒடச்சேன். மிக்ஸி ஓடிகினு இருந்துச்சு. நிறுத்திட்டுப் பாத்தா, மறுக்காவும் அடிச்சிருக்காரு."