குடியம் குகைக்குப் பதினான்கு பிள்ளைகளும் ஒரு மம்மியும்

அன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது, ஒரு காமிக்ஸ் புத்தகத்துக்குப் பழுப்புத்தாள் அட்டை போட்டதுதான். பிள்ளைகளை வழியனுப்ப வரும் பெற்றோர், டீச்சர் கையிலேயே பொம்மைப் புத்தகம் இருப்பதைப் பார்த்தால் பயணத்தையே நிறுத்திவிடக்கூடும். அட்டை போட்ட பிறகு அது பாடநூல் போலவே இருந்தது. இந்த ஆண்டு, 1976, பொங்கல் விடுமுறை முடிந்த மறுவாரத்துச் சனிக்கிழமை.

கும்மிடிப்பூண்டியில் எட்டாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். எகிப்துக்குப் பாடநூல் ஒதுக்கியிருப்பது ஒன்றேகால் பக்கம். காலாண்டுத் தேர்வு முடிந்த சமயம், பெஞ்சுக்கு அடியில் கைமாறிக்கொண்டிருந்த ஒரு காமிக்ஸைப் பிடுங்கினேன். பிரமிடுக்குள் புதையல் திருடப் போனவர்களை மம்மி எழுந்து துரத்தும் கதை. வீட்டில் ஒரே மூச்சில் படித்து முடித்தேன். மறுநாள் அதை வகுப்புக்கே எடுத்துப்போய், கரும்பலகையை இரண்டாகப் பிரித்தேன். கதையில் வருவதில் உண்மையாக இருக்கக்கூடியது ஒரு பக்கம், இருக்க முடியாதது மறுபக்கம். அதுவரை வாய் திறக்காத பிள்ளைகளெல்லாம் கை தூக்கினார்கள். சுரங்கவழி உண்டா, சாபம் பலிக்குமா, கல்லை எப்படி ஏற்றினார்கள் என்று பாடம் மூன்று வாரம் ஓடியது.

அப்போதுதான் கஸ்தூரி எழுந்தாள். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துப் பெண். கும்மிடிப்பூண்டியில் அத்தை வீட்டில் தங்கிப் படிக்கிறாள். காமிக்ஸில் ராஜா இறந்த அன்றே உடம்பில் துணி சுற்றி, சூரியன் மறைவதற்குள் பிரமிடுக்குள் வைத்துவிடுகிறார்கள்.

"இது தப்பு டீச்சர். அன்னிக்கே துணி சுத்திட்டா உள்ளயே நாறிப்புடும். மொதல்ல வயித்தக் கீறி கொடல எடுக்கணும். உப்பு ரொப்பணும். தண்ணியெல்லாம் வுட்டு வத்துனப்புறம்தான் மத்தது."

"இவளுக்கு எல்லாமே கருவாடுதான் டீச்சர்" என்றான் ஆல்பர்ட். வகுப்பே சிரித்தது.

சிரிப்பை அடக்கவோ என்னவோ, நான் சொன்னேன்: "கஸ்தூரி, நான் மம்மியை நேரில் பார்த்திருக்கிறேன். துணிதான் சுற்றியிருந்தது. உட்கார்."

நான் பார்த்ததில்லை. அதைவிட மோசம், இரண்டு நாள் கழித்துப் பெட்டியிலிருந்த என் கல்லூரிப் புத்தகத்தைப் புரட்டியபோது கஸ்தூரி சொன்னது அப்படியே இருந்தது: குடலை எடுத்து, நாற்பது நாள் உப்பில் போட்டு உலர்த்தி, அதற்குப் பிறகே துணி. அதற்குள் பிள்ளைகள் அவளைக் 'கருவாட்டு மம்மி' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அவள் கை தூக்குவதை நிறுத்திவிட்டாள். தினமும் இன்று சொல்லிவிடுவோம் என்று போவேன், சொல்லாமல் திரும்புவேன். வெளியே எங்கேயாவது அழைத்துப்போனால் அங்கே எளிதாகச் சொல்லிவிடலாம் என்று பட்டது. இந்தப் பயணத்துக்கு அதுதான் நிஜமான காரணம். எகிப்துக்குப் போக முடியாது; லட்சம் ஆண்டுக் கணக்கில் பழைய கற்கருவிகள் கிடைத்த குடியம் நம் பக்கத்திலேயே இருக்கிறது.

வாடகை வேன், போக வர நூற்றுப் பத்து ரூபாய். பிள்ளைக்கு ஐந்து ரூபாய் வசூலித்து மீதியை நான் போட்டேன். காலை ஆறரைக்குப் புறப்பட்டோம். புதுவாயல் சந்திப்பு வரை பத்துக் கிலோமீட்டர், கல்கத்தா நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே. அங்கிருந்து மேற்கே திரும்பிப் பெரியபாளையம் பத்தொன்பது. டிரைவர் முனுசாமி எளாவூர்க்காரர், பாதித் தெலுங்கு பேசுவார்.

"மம்மி பாக்கப் போறோம்னு பசங்க சொல்லுதுங்க டீச்சரம்மா. அது எழுந்து கூடவே வந்துச்சுன்னா வண்டியில எடமில்ல. தனி டப்பு ஆவும்."

"அங்க மம்மி இல்ல நைனா, கல்லுதான்" என்றான் ஆல்பர்ட்.

"கல்லுக்கா இம்மாந்தூரம்? எங்க ஊட்டாண்ட ரோடு போட கொட்டி வெச்சிக்கீறாங்க, ஓசியிலயே காட்டுவேனே."

பெரியபாளையத்தில் ஏழரைக்கு நாஷ்டா. இட்லி ஒன்று பதினைந்து காசு, சட்னியில் காரம் அதிகம். பிறகு ஊத்துக்கோட்டை வழியாகச் சீத்தஞ்சேரி, அதைத் தாண்டிக் குடியம். மொத்தம் அறுபத்திரண்டு கிலோமீட்டர். கடைசி எட்டு கிலோமீட்டர் சாலை என்று சொல்ல முடியாது. ஒன்பதே காலுக்கு ஊர் எல்லையில் இறங்கினோம். வேன் அதற்கு மேல் போகாது.

வழி காட்ட எல்லப்பன் என்ற ஆடு மேய்ப்பவர் வந்தார். "இன்னாத்துக்கும்மா இத்தினி பசங்கள இட்டுகினு வந்துகீறீங்க? சாமி கும்புடவா?" என்று கேட்டார். பழைய மனிதர் வாழ்ந்த இடம் பார்க்க என்றேன். "பழைய மனுசன் நான்தான்" என்று சிரித்துவிட்டு முன்னால் நடந்தார். முள்காட்டில் நான்கு கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். வழியில் தண்ணீர் கிடையாது.

குகை என்றால் இருட்டுப் பொந்து என்று நினைத்துப் போகாதீர்கள். உருண்டைக் கூழாங்கற்களை யாரோ மண்ணோடு சேர்த்துப் பிசைந்து எழுப்பிய சுவர் போல ஒரு பாறை, நம் தலைக்கு மேல் மிக உயரத்தில் கூரையாக வளைந்து நிற்கிறது. மேலே தேன்கூடுகள். கீழே மஞ்சள் பூசிய ஒரு அம்மன் கல். பிள்ளைகள் தாமாகவே பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். இருபது வயதில் நான் இருக்க விரும்பிய இடம் இதுபோன்றதுதான். மண்ணைத் தூரிகையால் தள்ளி, அடியில் இருப்பதை நோட்டில் வரைந்துகொண்டு. நாற்பத்து மூன்று வயதில் விசிலும் முதலுதவிப் பெட்டியுமாக வந்து நிற்கிறேன் என்ற நினைப்பு வந்தது. தண்ணீர் குடித்தேன்.

நிழலில் எல்லோரையும் உட்காரவைத்து, காமிக்ஸைப் பிரித்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். "இதில் படம் வரைந்தவர் தப்பு செய்திருக்கிறார். நானும் செய்தேன். கஸ்தூரி சொன்னதுதான் சரி. முதலில் உப்பு, பிறகு துணி. என் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது."

ஆல்பர்ட் அவளைப் பார்த்தான். "அப்ப கருவாட்டு மம்மி கரீட்டா?"

"உங்க ஊட்ல யாராச்சும் கருவாடு போட்டிருந்தா உனுக்கும் தெரிஞ்சிருக்கும்டா" என்றாள் கஸ்தூரி. மூன்று மாதத்துக்குப் பிறகு எல்லோர் முன்னாலும் அவள் பேசிய முதல் வாக்கியம். இந்த முறை சிரிப்பு அவள் பக்கம் இருந்தது. என் பாரம் இறங்கியது என்று நினைத்தேன். அவள் நகர்ந்து என் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க நேர்ல பாத்தீங்களே டீச்சர். வயித்துல கீறுனது தெரிஞ்சுதா? எந்தப் பக்கம்?"

பதினான்கு முகங்களும் என்னைப் பார்த்தன.

"துணி மூடியிருந்தது" என்றேன். "கால் விரல் மட்டும்தான் வெளியே தெரியும்."

"இன்னா நெறம் டீச்சர்?"

"கறுப்பு."

அவள் தலையாட்டினாள். "ஆமா. வாளக் கருவாடு கூட நாளாவ நாளாவக் கறுத்துப்புடும்." எடுத்துவந்த நோட்டில் அதை எழுதிக்கொண்டாள். பக்கத்தில் 'டீச்சர் பார்த்தது' என்றும் எழுதினாள்.

அந்தக் கால் விரல்கள் நான் பார்த்தவை அல்ல. பி.ஏ. கடைசி ஆண்டில் எங்கள் வகுப்பு ஐதராபாத் போனது. அங்கே அருங்காட்சியகத்தில் ஒரு மம்மி இருக்கிறது. இரவு ரயிலில் பெண்ணை அனுப்ப முடியாது என்று அப்பா சொல்லிவிட்டார். போய்வந்த தோழிகளிடம் விடுதி அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எத்தனை முறை கேட்டேனோ, சில நாள் எனக்கே பார்த்தது போல இருக்கும். பிறகு திருமணம், வேலை, மாமியாரின் நோய். ஐதராபாத் வண்டி சென்ட்ரலில் மாலை புறப்பட்டு மறுநாள் காலை சேருகிறது. அது எனக்கு இருபது வருடமாகத் தெரியும்.

குகையிலேயே புளிச்சோறு சாப்பிட்டு, ஒரு மணிக்கு இறங்க ஆரம்பித்து, மூன்று மணிக்கு வேனில் ஏறினோம். கும்மிடிப்பூண்டி வந்தபோது ஆறேகால். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். கஸ்தூரி மட்டும் விழித்திருந்து, அந்த நோட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. தை, மாசி தவிர்த்து வேறு மாதத்தில் பிள்ளைகளை அழைத்துப்போகாதீர்கள். மழையில் வழி வழுக்கும், கோடையில் தாங்காது. ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் வேண்டும். எல்லப்பனுக்கு ஐந்து ரூபாய் கொடுத்தோம், அவராகக் கேட்கவில்லை. தேன்கூட்டுக்கு அடியில் கத்தக் கூடாது, அடுப்பு மூட்டக் கூடாது. கல் எதையும் பையில் போடாமல், கிடந்த இடத்திலேயே வரையச் சொல்லுங்கள். காமிக்ஸ் கொண்டுபோவதானால் முன்பே ஒருமுறை பிள்ளைகளோடு படித்து, அவர்கள் வீட்டில் தெரிந்ததை வைத்து அவர்களே குற்றம் கண்டுபிடிக்க விடுங்கள். கண்டுபிடித்த பிள்ளையை உட்காரச் சொல்லாதீர்கள்.

வீடு வந்த பிறகு எனக்கு ஒரு எண்ணம் தோன்றியது. முழு ஆண்டு விடுமுறையில் யாரிடமும் சொல்லாமல் ஐதராபாத் போய்வந்துவிட்டால் போதும். பார்த்துவிட்டால், சொன்னது பொய்யாகாது. கணவரிடம் கல்வி அலுவலக வேலை என்று சொல்லிக்கொள்ளலாம். ஞாயிறு முழுவதும் அந்த எண்ணம் இனிப்பாகவே இருந்தது.

ஆனால் அங்கே போய் நின்றால் நான் பார்க்கப்போவது மம்மியையா, என் பொய்க்குச் சாட்சியையா? இருபது வருடம் ஆசைப்பட்டதை அப்படிப் பார்க்க மனம் வரவில்லை. திங்கள் முதல் பீரியட் எட்டாம் வகுப்பு. கஸ்தூரியின் நோட்டை வாங்கி, 'டீச்சர் பார்த்தது' என்ற இரண்டு சொற்களை எல்லோர் முன்னாலும் என் கையால் அடித்து, 'டீச்சர் கேட்டது' என்று எழுதப்போகிறேன். ரயில் டிக்கெட் அதற்குப் பிறகுதான்.